புதுசா என்ன வந்திருக்கு?

மார்ச் 2, 2026, திங்கள்

முதல் ஷிஃப்ட் முடிந்து டயாலிசிஸ் மெஷின்களைக் கழுவப் போட்டிருந்த நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். வருகிற 12ஆம் தேதி உலகச் சிறுநீரக நாள். வழக்கமாக வாசலில் பேனர் கட்டி, வெளியாட்களுக்குப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து அனுப்புவோம். உள்ளே கட்டிலில் கிடப்பவர்களுக்கு அன்று ஒரு சாக்லேட்கூடக் கிடையாது, பாஸ்பரஸ் ஏறிவிடும். "இந்த வருஷம் நம்ம ஆளுங்களுக்கே பேசுவோம்மா. ஆராய்ச்சியில புதுசா என்ன வந்திருக்குன்னு பத்து நிமிஷம் நீ சொல்லு. நான் பேசினா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. உங்கிட்டன்னா கேள்வி கேப்பாங்க" என்றார்.

என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று மதிய ஷிஃப்டில் கட்டில் கட்டிலாகக் கேட்டேன். பூக்கடை அக்காவுக்கு ஊசி குத்தாத டயாலிசிஸ் வேண்டும். ஜன்னலோரத் தம்பிக்குப் பன்றிக் கிட்னி. மூன்றாம் கட்டில் ஐயா, கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மெஷின்லேருந்து எறங்குனா அன்னிக்குப் பூரா நான் மனுஷனே இல்லம்மா. அதுக்கு எவனாவது எதையாவது கண்டுபுடிச்சிருக்கானா?"

அதை நோட்டில் முதல் வரியாக எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

டாக்டர் கொடுத்த கட்டுரைகளில் மேலே இருந்தது 'கன்வின்ஸ்' ஆய்வு. 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. எட்டு ஐரோப்பிய நாடுகளில் 61 மையங்கள், 1,360 நோயாளிகள். பாதிப்பேருக்கு நாம் செய்வதுபோன்ற ஹீமோடயாலிசிஸ், பாதிப்பேருக்கு ஹீமோடயாஃபில்ட்ரேஷன். சராசரியாக முப்பது மாதம் கவனித்ததில் முதல் கூட்டத்தில் 21.9 விழுக்காட்டினர் இறந்தார்கள், இரண்டாவதில் 17.3.

சாதாரண டயாலிசிஸில் சவ்வுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறு பக்கம் கரைசல். யூரியா, பொட்டாசியம் போன்ற சிறிய மூலக்கூறுகள் தாமாகவே கரைசல் பக்கம் நகர்ந்துவிடும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற பருத்தவை அவ்வளவு எளிதில் நகராது. புதிய முறையில் ஒரு தடவைக்கு 23 லிட்டருக்குக் குறையாமல் நீரைச் சவ்வின் வழியே இழுத்துத் தள்ளுகிறார்கள். அந்த இழுப்பில் பருத்தவையும் வெளியே வருகின்றன. இழுத்த அளவு நீரை உடனே ரத்தத்துக்குத் திருப்பித் தரவேண்டும். மெஷினே அந்தக் கரைசலை அங்கேயே தயாரித்து நேராக ரத்தக்குழாய்க்குள் விடுகிறது.

நேராக ரத்தத்துக்குள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, மாடியில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. பிளான்ட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போதே ஒரு ஆளுக்கு நிமிஷத்துக்கு 500 மில்லி கரைசல் ஓடுகிறது, நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் குளோரின் பார்க்காமல் நான் யாரையும் மெஷினில் ஏற்றுவதில்லை, குளோரமைன் தப்பி வந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். ஆனாலும் அந்த நீருக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு சவ்வாவது இருக்கிறது. புதிய முறைக்கு வேண்டிய சுத்தம் வேறு தரம். அதற்கான வடிகட்டிகள், மெஷின், மாதாமாதம் கிருமி நச்சுச் சோதனை என்று எல்லாமே செலவு.

கட்டுரையைக் கடைசிவரை படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. சர்க்கரை நோயோ இதய நோயோ இல்லாதவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. எங்கள் கட்டில்களில் பெரும்பாலோர் சர்க்கரையால் வந்தவர்கள்.

மார்ச் 5, வியாழன்

ஆறாம் கட்டில் அம்மாவின் மகன் பொறியாளர். "இன்னும் வேகமா, இன்னும் நிறைய சுத்தம் பண்ணா நல்லதுதானே? கணக்கு அதானே சொல்லுது?" என்று கேட்டார்.

நியாயமான கணக்குதான். அதை அமெரிக்காவில் சோதித்தார்கள். 'ஹீமோ' ஆய்வு, 1,846 பேர், முடிவு வந்தது 2002இல். வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்பவர்களில் ஒரு சாராருக்கு வழக்கமான அளவு, இன்னொரு சாராருக்கு அதைவிடக் கூடுதல். இறப்பு விகிதத்தில் வித்தியாசமே இல்லை. இதைக் கேட்டுவிட்டு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஒப்பிட்டது போதுமான அளவையும் அதற்கு மேற்பட்டதையும். வாரம் இரண்டே தடவை வருகிறவர்கள், பஸ்ஸைப் பிடிக்க அரை மணி முன்னால் கழற்றச் சொல்கிறவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இப்படி அடிபட்ட நியாயமான யோசனைகள் வரிசையாக இருக்கின்றன. கொழுப்பைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்பது ஊருக்கே தெரியும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஸ்டேட்டின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும், 2005இல் ஒன்று, 2009இல் ஒன்று, எதிர்பார்த்த பலன் வரவில்லை. கரைசலின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் பிரஷர் இறங்காது, இதயத்துக்கு நல்லது என்று நாங்களெல்லாம் நம்பினோம். கனடாவின் ஒன்டாரியோவில் 84 மையங்களில் 15,000க்கும் மேற்பட்டவர்களிடம் அதைச் சோதித்து 2022இல் முடிவு சொன்னார்கள். சாவும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. குளிர்கிறது என்ற புகார்தான் கூடியது. பிரஷர் விழும் ஆளுக்கு நான் இன்றும் அரை டிகிரி குறைக்கத்தான் செய்கிறேன். எல்லோருக்கும் குறைத்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று இனிமேல் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

கேட்ட பொறியாளருக்கு முகம் கொஞ்சம் வாடியது. எனக்கு அந்த ஆய்வுகள்மேல் மரியாதைதான் வந்தது. பலிக்கவில்லை என்பதையும் காசு செலவழித்து, அச்சிட்டு, உலகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

ரம்ஜான் மாதம். ஜன்னலோரத் தம்பிக்குப் பக்கத்துக் கட்டில் பாய் நோன்பு வைப்பதில்லை, உடம்பு இடம் தராது. ஆனால் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வீட்டுக்கு வந்துவிடுகிறது. "ஒரு கிண்ணம் குடிச்சா குத்தமா சிஸ்டர்?" என்றார். கஞ்சியைக் குடிக்கிற தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடுங்கள், பேரீச்சம்பழம் ஒன்றோடு நிறுத்துங்கள் என்றேன். பேரீச்சையில் பொட்டாசியம் அதிகம். வெயில் வேறு ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த மாதங்களில் இளநீர் குடித்துவிட்டு ராத்திரியில் இதயத் துடிப்பு தாறுமாறாகி வருகிறவர்கள் எல்லா மையத்துக்கும் உண்டு.

பாய்க்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி கையில் இருந்தது. 2025 நவம்பரில் வந்த 'பைசீஸ்' ஆய்வு. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் 1,228 டயாலிசிஸ் நோயாளிகள். ஒரு சாராருக்குத் தினம் நாலு கிராம் மீன் எண்ணெய் மாத்திரை, மற்றவர்களுக்குச் சோள எண்ணெய். மூன்றரை வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு போன்றவை மீன் எண்ணெய் எடுத்தவர்களிடம் 43 விழுக்காடு குறைவு. ஸ்டேட்டின் தோற்ற இடத்தில் மீன் எண்ணெய் இப்படி வரும் என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

"அப்ப தெனம் மத்தி சாப்பிடலாமா?" என்றார் பாய். ஆய்வில் கொடுத்தது அளந்து வைத்த மாத்திரை: ஈபிஏ 1.6 கிராம், டிஹெச்ஏ 0.8 கிராம். மீனோடு பாஸ்பரஸும் வரும், கருவாடாக இருந்தால் உப்பும் வரும். கடையில் கிடைக்கும் சாதாரண மீன் எண்ணெய் மாத்திரையில் இந்த அளவு இருக்காது. டாக்டரைக் கேட்டேன். ஒரே ஆய்வு, ஆனால் நல்ல ஆய்வு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்து எழுதலாம் என்றார்.

மார்ச் 7, சனி

ஆறாம் கட்டில் அம்மாவோடு இன்று மகள் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கும் சர்க்கரை. சிறுநீரில் ஆல்புமின் பார்த்தீர்களா என்றேன். அப்படி ஒரு டெஸ்ட் இருப்பதே தெரியாது என்றார். அம்மா இங்கே வருடக்கணக்காகப் படுத்திருக்கிறார், மகளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடந்த சில வருடங்களில் சிறுநீரக மருத்துவத்தில் நடந்த பெரிய விஷயம் டயாலிசிஸ் அறைக்கு வெளியேதான் நடந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று சர்க்கரைக்காக வந்த மாத்திரைகள். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃபிளோரிசின்தான் இவற்றுக்குப் பாட்டி. சர்க்கரையைச் சிறுநீரில் கழிய விடுவது இவற்றின் வேலை. இதயத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்று நிரூபிக்கச் செய்த ஆய்வுகளில்தான், சிறுநீரகம் கெடும் வேகம் குறைவது கண்ணில் பட்டது. பிறகு அதற்கென்றே செய்தார்கள். 2020இல் 'டாபா-சிகேடி', 4,304 பேர்: சிறுநீரகம் வேகமாகச் சரிவது, முற்றிலும் செயலிழப்பது, அதனாலோ இதயத்தாலோ இறப்பது எல்லாம் சேர்த்து 39 விழுக்காடு குறைவு. சர்க்கரை இல்லாத நோயாளிகளிடமும் பலித்தது. 2023இல் 'எம்பா-கிட்னி', 6,609 பேர்: 28 விழுக்காடு குறைவு.

எப்படி வேலை செய்கிறது என்று மகளுக்குப் படம் போட்டுக் காட்டினேன். சர்க்கரை நோயில் வடிகட்டிகளுக்குள் அழுத்தம் கூடிக் கூடித்தான் அவை கிழிகின்றன. இந்த மருந்து உப்பைக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே அனுப்புகிறது. கீழே இருக்கும் உணர்வுச் செல்கள் அதைப் பார்த்துவிட்டு, மேலே ரத்தம் உள்ளே வரும் குழாயைச் சற்று இறுக்குகின்றன. ஆற்றில் வெள்ளம் வரும்போது வயலுக்குப் போகும் மதகைப் பாதி இறக்குவதுபோல. அதனால் ஆரம்ப வாரங்களில் கிரியாட்டினின் ஒரு சொட்டு ஏறும். அதைப் பார்த்துப் பயந்து தாங்களாகவே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு.

போன வருடம் மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினுக்கு இந்தியக் காப்புரிமை முடிந்து, பல கம்பெனிகள் போட்டுவிட்டதால் விலை பல மடங்கு இறங்கிவிட்டது. மகளை அப்படியே கீழே லேபுக்கு அனுப்பினேன்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போனேன். சம்பா அறுத்த வயலில் உளுந்து விளைந்து நிற்கிறது. காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. செடி பிடுங்கும் பெண்கள் குனிந்தவர்கள் நிமிரவில்லை. பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருந்தது, குடிக்கப் போனவர்கள் குறைவு. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும்.

எங்கள் மையத்தில் சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாமல் கிட்னி போனவர்கள் சிலர் உண்டு. கேட்டால் எல்லோரும் வயல்வேலை. இலங்கையில் அனுராதபுரம், பதவியா பக்கம் 1990களிலிருந்து இதே கதை. எல் சால்வடோரிலும் நிகரகுவாவிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள், ஆந்திராவின் உத்தானத்தில் முந்திரித் தோப்புக்காரர்கள். நம் பக்கமும் சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகத் துறையினர் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்திருக்கிறார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல் நாள்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவுமே இல்லை. வெயிலும் நீரிழப்பும் என்கிறார்கள் சிலர், பூச்சிமருந்து, கிணற்று நீர் என்கிறார்கள் சிலர். வாதம் முடியவில்லை. முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்று நிகரகுவாவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு நிழல், தண்ணீர், கட்டாய ஓய்வு என்று ஏற்பாடு செய்து, சிறுநீரகப் பாதிப்பு குறைவதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

சாயங்காலம் கடைத்தெருவில் இடுப்புவலி என்று ஒருவர் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் பட்டையோடு வாங்கிப் போனார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தையே குறைக்கும்.

மார்ச் 9, திங்கள்

ஜன்னலோரத் தம்பிக்காகப் பன்றிக் கிட்னி படித்தேன். பாஸ்டனில் 2024 மார்ச் 16இல் உயிரோடிருக்கும் ஒருவருக்கு முதல்முறையாக வைத்தார்கள், 69 மரபணுத் திருத்தங்கள் செய்த பன்றியுடையது. சுமார் இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். அதற்குக் கிட்னி காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என்றது மருத்துவமனை. அதே வருடம் நவம்பரில் நியூயார்க்கில் வைத்தது 130 நாள் வேலை செய்தது. 2025 ஜனவரியில் மறுபடி பாஸ்டனில் வைத்தது 271 நாள். இப்போது முறையான ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்திருக்கிறது.

"அப்ப எனக்கு எப்ப வரும்க்கா?" என்றான் தம்பி. இருபத்தாறு வயது. ஏமாற்ற மனசு வரவில்லை. இன்றைக்கு உனக்கு வழி மாற்று அறுவைதான், மூளைச்சாவு அடைந்தவர்களின் கிட்னிக்குக் காத்திருப்போர் பட்டியலில் உன் பெயர் நடப்பில் இருக்கிறதா, சோதனைகளைப் புதுப்பித்தாயா என்று பார் என்றேன். பக்கத்துக் கட்டில் பாய் சிரித்தார். "உசுருக்கு ஆபத்துன்னா மார்க்கத்துல வழி இருக்கு தம்பி. ஜமாஅத்துல நான் கேட்டுக்கறேன். மொதல்ல ஊருக்கு வரட்டும்."

மார்ச் 10, செவ்வாய்

அடிக்கோடு போட்ட கேள்விக்கு இன்றுதான் உட்கார்ந்தேன்.

ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'ஸாங்' என்ற முயற்சியில், டயாலிசிஸ் ஆய்வுகள் எதை அளக்க வேண்டும் என்று நோயாளிகள், குடும்பத்தினர், மருத்துவர்கள் எல்லோரையும் பல நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். மருத்துவர்கள் சாவையும் ஆஸ்பத்திரியில் சேர்வதையும் மேலே வைத்தார்கள். நோயாளிகள் அசதியை மேலே வைத்தார்கள். கடைசியில் எல்லா ஆய்வும் அளந்தே ஆகவேண்டியவை என்று நான்கை ஒப்புக்கொண்டார்கள்: அசதி, இதய நோய், ஃபிஸ்டுலா போன்ற ரத்தப்பாதை, இறப்பு. ஐயா சொன்னதை உலகமெங்கும் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருட ஆய்வுகளில் பெரும்பாலானவை அதை அளக்கவே இல்லை.

அளப்பதற்குக் கருவியும் வேண்டாம். கனடாக்காரர்கள் 2006இலேயே ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்கள்: டயாலிசிஸ் முடிந்து உடம்பு பழையபடி ஆக எவ்வளவு நேரம் பிடிக்கிறது? பதில் எத்தனை நீள்கிறதோ அத்தனை மோசம் என்று பிறகு வந்த பெரிய பதிவுகளும் காட்டின.

ஜெர்மனியில் 21 மையங்களில் செய்த ஆய்வு ஒன்றும் கிடைத்தது, 2023இல் வந்தது. மெஷினில் இருக்கும்போதே வாரம் மூன்று தடவை படுத்தபடி கால் மிதிப்பதும், ரப்பர் பட்டையை இழுப்பதும். ஒரு நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார்கள். ஒரு வருடத்தில் பயிற்சி செய்தவர்கள் 16லிருந்து 19க்கு ஏறினார்கள், செய்யாதவர்கள் 15க்கும் கீழே இறங்கினார்கள். ஆர்.ஓ. பிளான்ட்டை மாற்றாமல், காப்புரிமை முடியக் காத்திருக்காமல் நாளைக்கே நாம் செய்யக்கூடியது.

மார்ச் 12, வியாழன்

பேசிவிட்டேன். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமானது. திங்கள்-புதன்-வெள்ளி ஆட்களும் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இவர்கள் இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. பன்றிக்குச் சிரித்தார்கள். சர்க்கரை மாத்திரை பற்றிச் சொன்னபோது பிள்ளைகளோடு வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். 23 லிட்டர் கதையைச் சொல்லிவிட்டு, நமக்கு இப்போது இல்லை என்றும் சொன்னேன். அசதி என்ற சொல்லை எடுத்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பூக்கடை அக்கா மறுநாள் பூத் தொடுக்க விரல் மடங்காது என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க பிரஷர் கேட்டீங்க, வெயிட் கேட்டீங்க. இத எப்ப கேட்டீங்க?"

மார்ச் 13, வெள்ளி

ஷிஃப்ட் ஷீட்டில் டாக்டர் ஒரு கட்டம் கூட்டிவிட்டார்: போன தடவை இறங்கியபின் உடம்பு தேற ஆன நேரம். பாய்க்கு மூன்று மணி. தம்பிக்கு ஒரு மணி. ஐயாவுக்குப் பதினாறு மணி.

அவர் ஷீட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். கூடுதல் நீர் இல்லாத உலர் எடை 52 கிலோ. ஒவ்வொரு தடவையும் மூன்றரை கிலோ நீரோடு வருகிறார், நாலு மணி நேரத்தில் எடுக்கிறோம். கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய 17 மில்லி. 'ஹீமோ' ஆய்வின் பழைய தரவுகளை 2011இல் மறுபடி அலசியவர்கள், 13ஐத் தாண்டி வேகமாக நீர் எடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு அதிகம் என்று கண்டார்கள். அது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் 17 என்பது எந்தக் கணக்கிலும் அதிகம். பலிக்கவில்லை என்று மூடி வைத்த ஆய்வு, ஒன்பது வருடம் கழித்து இதற்கு உதவியிருக்கிறது.

அரை கிலோ நீரைக் குறைத்து, அரை மணி நேரம் கூடப் படுத்தால் 13க்குள் வந்துவிடும். டாக்டர் சரி என்றார். ஐயாதான் ஒப்பவில்லை. ஐந்தரை பஸ் போய்விடுமாம், அடுத்தது ஏழு மணிக்குத்தானாம். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார். பிறகு வங்கிக்காரர் குரலில் கேட்டார்: "அரை மணி போட்டா எனக்கு எவ்வளவு திரும்ப வரும்?"

"தெரியாதுய்யா. ஒரு மாசம் எழுதிப் பார்ப்போம். குறையலேன்னா பழையபடி நாலு மணி."

"அப்ப ஏழு மணி பஸ்ஸே இருக்கட்டும்" என்றார். மெஷினில் நேரத்தை நாலரை என்று மாற்றினேன். காலுக்கு ரப்பர் பட்டை திங்கள்கிழமை வருகிறது. முதலில் அவருக்குத்தான்.